பழைய .303 ரைஃபிளுக்கு வார்ப்புக் குண்டு

.303 என்ற பெயரை நம்பி அந்த அளவில் ஈயக் குண்டு வார்த்தால் அது குழலுக்குள் தளர்வாகவே ஓடும். அந்த எண் குழலின் உட்புறத்தில் ஓடும் மேடுகளுக்கு இடைப்பட்ட அளவு. குண்டோ பள்ளத்தின் அடிவரை நிரம்பி உட்கார வேண்டும். அதனால்தான் கடையில் கிடைக்கும் செம்பு உறையிட்ட .303 குண்டின் விட்டம் .311 அல்லது .312 அங்குலமாக இருக்கிறது. உண்மையான லீ-என்ஃபீல்டு குழல்களை அளந்தால் பள்ளத்தின் விட்டம் .312 வருவதும் உண்டு, .316 வருவதும் உண்டு. உங்களிடம் இருப்பது எது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. இந்த அத்தியாயத்தின் பாதி இந்த ஓர் அளவைக் கண்டுபிடிப்பதற்கே போகிறது.

இவ்வளவு வேறுபாடு வந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 வகை ரைஃபிளை இங்கிலாந்தில் ஃபசாகர்லி, மால்ட்பி, ஷர்லி ஆகிய இடங்களிலும், கனடாவில் டொராண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்சிலும், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கோப்பி ஃபால்ஸிலும் அவசர அவசரமாகச் செய்து தள்ளினார்கள். ஐந்து பள்ளங்கள் வெட்ட நேரமில்லாமல் இரண்டே பள்ளத்தோடு அனுப்பிய குழல்களும் அவற்றில் உண்டு. அதன்பின் பல்லாண்டுகள் கார்டைட் மருந்து சுட்டது; அது மிகுந்த வெப்பத்தில் எரிந்து, குழலின் தொடக்கத்தில் உள்ள தொண்டைப் பகுதியை அரித்தது. படைவீரர்கள் கயிறு கட்டித் துணியை இழுத்துத் துடைத்ததில் வாய்ப்பகுதி தேய்ந்தது. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ரைஃபிள்கள்கூட இன்று ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

செம்பு உறையிட்ட குண்டு இந்தக் குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஈயம் பொறுக்காது. குண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் எரியும் வாயு அதன் வழியே பீறிட்டுக் குண்டின் பக்கத்தை அரிக்கும். அரிபட்ட ஈயம் குழலில் ஒட்டும். அடுத்த குண்டு அந்த ஒட்டின் மேல் ஏறி இன்னும் கெடும். பத்துச் சுற்றுக்குள் இலக்குத் தாளில் துளைகள் தட்டுக்கெட்டுச் சிதறும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் உடனே ஈயத்தின் கடினத்தைக் கூட்டப் போவார்கள். பெரும்பாலும் அது வீண்வேலை. குறை விட்டத்தில் இருக்கிறது.

அளவுக்குப் போகுமுன் சட்டம். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அயல்நாட்டுப் படை ரைஃபிள்களின் இறக்குமதியை அடைத்தது. 1984-இல் வந்த திருத்தம் பழம்பொருள் வகையில் சேர்ந்தவற்றுக்குக் கதவைத் திறந்தது. இன்று பலர் வீட்டில் இருப்பவை அப்படி வந்தவை. சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அங்கே கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்க வேண்டுமென்றால் தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயத் தோட்டாவால் வேட்டையாடுவது மாநிலம் முழுவதும் தடை. எனவே அங்கே வார்ப்புக் குண்டின் இடம் பயிற்சிக் களம்தான். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. .303 அங்கே தடைசெய்யப்பட்ட துளை அளவு. தோட்டா செய்வதும் ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமத்துக்கு உட்பட்டது. காவலர் தோளில் ‘திரீ நாட் திரீ’ தொங்குவதைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டு வாசகர் இந்த அத்தியாயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ரைஃபிள் சுடுவதற்குத் தகுதியானதா என்பதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். போல்ட் மாற்றப்பட்டிருக்கலாம், அதன் எண்ணும் உடலின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஹெட்ஸ்பேஸ் எனப்படும் இடைவெளியை அதற்கான கேஜ் வைத்தே சோதிக்க வேண்டும், கண்ணளவு உதவாது.

இனிக் குழலை அளப்போம். முதல் வேலை செம்பை வெளியேற்றுவது. நாற்பது ஐம்பது ஆண்டு சுட்ட உறைக் குண்டின் செம்பு பள்ளங்களில் படிந்திருக்கும். அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பானைத் துணியில் நனைத்து ஓட்டினால் துணி நீலமாக வெளிவரும். நீலம் நிற்கும்வரை விடாதீர்கள்; அடுக்கடுக்காகக் கரியும் செம்பும் மாறி மாறி வருவதால் இது ஒரே மாலையில் முடியாமல் போகலாம். செம்பு இருக்கும்போது எடுத்த அளவு பொய்யளவு. செம்பு இருக்கும் குழலில் ஈயமும் எளிதில் ஒட்டும்.

பிறகு தூண்டிலில் கட்டும் மென் ஈயக் குண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பள்ளத்தின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டுங்கள். ஈயத்தை வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்கி, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். தள்ளும்போது கையைக் கவனியுங்கள். சீராகப் போனால் நல்ல குழல். நடுவில் சட்டென்று இலகுவானால் அங்கே குழல் அகன்றிருக்கிறது. வாய்ப்பக்கம் தளர்வாக இருந்து உள்ளே போகப்போக இறுகினால் கயிற்றுத் தேய்மானம். இந்தக் கையுணர்வு மைக்ரோமீட்டர் எண்ணைவிடச் சில நேரம் அதிகம் சொல்லும்.

வெளியே வந்த ஈயத்தை அளப்பதில்தான் லீ-என்ஃபீல்டு ஆளைப் படுத்தும். பள்ளங்கள் ஐந்து என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரின் இரு தாடைகளும் பள்ளத்தின் பதிவுகள் இரண்டை நேருக்கு நேர் பிடிக்க முடியாது. எண் குறைவாகவே வரும். (இதற்கு முந்தைய மெட்ஃபோர்டு முறையில் பள்ளம் ஏழு, அதுவும் ஒற்றைப்படைதான். கார்டைட்டின் வெப்பம் அந்த ஆழமற்ற வளைபள்ளங்களை அரித்துத் தின்றதால் ஆழமான ஐந்து பள்ளங்களுக்கு மாறினார்கள். அளப்பவன் கஷ்டம் யாருக்கும் தோன்றவில்லை.) சரியான கருவி 108 டிகிரி ‘வி’ வடிவத் தாடை கொண்ட மைக்ரோமீட்டர். விலை அதிகம். அது இல்லாதவர்கள் மிக மெல்லிய பித்தளைத் தகட்டு நாடாவை ஈயத்தைச் சுற்றி ஒரே சுற்று, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, ஈயத்தைத் திருப்பித் திருப்பி அளந்து, கிடைக்கும் மிகப் பெரிய எண்ணிலிருந்து தகட்டின் தடிமனை இருமுறை கழிக்கலாம். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் வேலைக்கு ஆகும். இரண்டு பள்ளக் குழல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பள்ளங்கள் எதிரெதிரே இருப்பதால் எந்த மைக்ரோமீட்டரும் போதும்.

அடுத்தது தொண்டை. தோட்டா அமரும் சேம்பர் முடிந்து பள்ளங்கள் தொடங்குமுன் உள்ள அந்தச் சிறு பகுதி அரித்துப்போயிருந்தால், குழலுக்குப் பொருந்தும் குண்டுகூடத் தொண்டையில் கோணலாகப் புகும். செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கி ஊற்றி அந்த இடத்தை அச்செடுக்கலாம். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஊற்றியதும் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆனபோது அளப்பதே முறை. அதில் காட்மியம் இருப்பதால் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

குண்டின் விட்டம் பள்ளத்தின் விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு கூடுதலாக இருக்கட்டும். பள்ளம் .314 என்றால் குண்டு .315 அல்லது .316. இதற்கு ஒரு மேல் எல்லை உண்டு, அதை மறந்தால் ஆபத்து. உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட, இன்னும் அளவு குறுக்காத வெற்றுத் தோட்டாக் கூட்டின் கழுத்துக்குள் குண்டு கையாலேயே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால், நிரப்பிய தோட்டாவின் கழுத்து சேம்பருக்குள் விரிய இடமின்றி இறுகி, குண்டு விடுபடத் தாமதித்து அழுத்தம் எகிறும்.

ஈயக் கலவையைப் பற்றிப் பேசுவோர் அதிகம், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். தூய ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் சுமார் 5. பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளில் ஈயத்தோடு 3 விழுக்காடு அளவுக்கு ஆண்டிமனியும் சிறிது வெள்ளீயமும் இருக்கும்; கடினம் பத்தை ஒட்டி வரும். லைமன் நம்பர் 2 எனப்படும் கலவை ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5, கடினம் 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லினோடைப் உலோகம் 22 வரை போகும். நாம் சுடப்போகும் மிதமான வேகத்துக்கு எடைக்கட்டி ஈயத்தோடு ஒன்றிரண்டு விழுக்காடு வெள்ளீயம் சேர்த்தால் போதும். வெள்ளீயம் கடினத்துக்காக அல்ல, உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்குவரை நிரம்புவதற்காக. லினோடைப் கிடைத்தால் சேமித்து வையுங்கள், அதையே குண்டாக வார்ப்பது ஊதாரித்தனம். மேலும் அது நொறுங்கும்.

எடைக்கட்டியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், மேய்ன் போன்ற மாநிலங்கள் ஈய எடைக்கட்டியைத் தடைசெய்ததால் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. இரும்பு மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். துத்தநாகம் உருகிக் கலந்தால் அந்தச் சட்டி முழுவதும் கெட்டது: உலோகம் கஞ்சிபோல் குழம்பும், அச்சில் நிரம்பாது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும். துத்தநாகத்துக்கு 419 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே எடைக்கட்டிகளைத் தனிச் சட்டியில், வெப்பமானி வைத்து, குறைந்த சூட்டில் உருக்கி, உருகாமல் மிதப்பவற்றை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஈயம் நஞ்சு. உருக்கும் இடம் சமையலறையாக இருக்கக் கூடாது, அந்தச் சட்டி மறுபடி சமையலுக்குப் போகவும் கூடாது. சட்டிமேல் படியும் கசடும் அதன் தூளும்தான் உடலுக்குள் அதிகம் போகின்றன; தூள் பறக்கக் கிளறாதீர்கள், மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள். திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வெற்றிலை, புகை, தேநீர் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை கழுவி, உடையை மாற்றி, அதன்பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் குழந்தைகளின் இரத்த ஈயத்துக்கு 2021 முதல் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு டெசிலிட்டருக்கு வெறும் 3.5 மைக்ரோகிராம். தொடர்ந்து வார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது.

இன்னோர் ஆபத்து தண்ணீர். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டி விட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். ஈயச் சட்டியில் அதுவே பன்மடங்கு. ஒரு துளி நீர் உலோகத்துக்கு அடியில் போய் ஆவியானால் சட்டியே காலியாகி முகத்தில் அடிக்கும். பழைய எடைக்கட்டிகளைக் காலிச் சட்டியில் போட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். உருகிய ஈயத்தில் புதிதாகக் கட்டி எதையும் நேராகப் போடாதீர்கள். முழுக்கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி.

அச்சுக்கு வருவோம். லைமன் 314299 என்ற 200 கிரெய்ன் குண்டு .303-க்கென்றே நெடுநாளாக இருப்பது. லீ நிறுவனத்தின் 185 கிரெய்ன் அச்சு மலிவு. எதை வாங்கினாலும், வார்த்துவரும் குண்டு உங்களுக்கு வேண்டிய விட்டத்தைவிடப் பெரிதாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெரிதைக் குறுக்கலாம், சிறிதைப் பெருக்க முடியாது. உலோகம் சுமார் 370 டிகிரியில் இருக்கட்டும். முதலில் வரும் குண்டுகள் சுருங்கிச் சுருங்கி வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை, அல்லது அதில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. வெள்ளைப் பனி படிந்தாற்போல் மங்கி வந்தால் சூடு கூடுதல். பார்க்க அழகில்லை, சுட நன்றாகவே இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது அடியைப் பாருங்கள். மூக்கில் சிறு வடு இருந்தால் விட்டுவிடலாம். அடிப்புறத்தின் விளிம்பு கூர்மையாக, முழுமையாக இல்லாத குண்டு மீண்டும் சட்டிக்கே. 1909-இல் வெளிவந்த தன் நூலில் மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் மாசசூசெட்ஸில் செய்த சோதனைகளைச் சொல்லியிருக்கிறார்: குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்தபோது ஏற்பட்ட விலகலைவிட அடியைச் சிதைத்தபோது ஏற்பட்ட விலகல் மிக அதிகம். குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த அடியைத்தான்.

அந்த அடியைக் காப்பதற்கே கேஸ் செக் என்ற சிறு செம்புக் கிண்ணம். 314299 போன்ற குண்டுகளின் அடியில் அதற்கென்று ஒடுங்கிய குதி இருக்கும். கிண்ணத்தைப் பொருத்தி, அளவுக் குறுக்கியில் ஒருமுறை தள்ளினால் கிண்ணமும் இறுகும், விட்டமும் சீராகும். உராய்வு குறைக்கும் மெழுகுக்குக் கர்னல் ஹாரிசன் அமெரிக்க ரைஃபிள் சங்கத்துக்காகச் சோதித்துப் பரப்பிய கலவை இன்றும் குறைசொல்ல முடியாதது: பாதி தேன்மெழுகு, பாதி ஆலாக்ஸ். வண்ணப்பொடி பூசி அடுப்பில் சுடும் புது முறையும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பூச்சு விட்டத்தைக் கூட்டும் என்பதால் பூசியபின் மறுபடி அளந்தாக வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

இவ்வளவு பாடுபட்டு .315-இல் எடுத்த குண்டைத் தோட்டாக் கூடே கெடுத்துவிடும். கூட்டை அளவு குறுக்கக் கடையில் விற்கும் .303 டைகள் உறைக் குண்டுக்கானவை. அவற்றின் விரிப்பான் கழுத்தைச் சிறிதாகவே விடும். பித்தளைக் கழுத்துக்குள் ஈயம் பிதுங்கி உள்ளே போகும்போது .315 என்பது .312 ஆகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நிரப்பிய தோட்டா ஒன்றைக் குண்டு உருவி அளந்து பாருங்கள். தீர்வு, வார்ப்புக் குண்டுக்கென்று வரும் பெரிய விரிப்பான். லைமனின் ‘எம்’ டை அந்த வகை. கழுத்தின் வாய் மணிபோல் மிகச் சிறிதே விரிந்திருந்தால் போதும்.

லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்புறத்தில் பூட்டிக்கொள்வது. சேம்பரும் தாராளமானது. இரண்டும் சேர்ந்து கூட்டைச் சுடும்போதெல்லாம் நீட்டும். கூடு முழுவதையும் குறுக்காமல், உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டின் கழுத்தை மட்டும் குறுக்கினால் பித்தளை நெடுநாள் தாங்கும். நுனி வளைத்த காகித ஊக்கைக் கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கத்துச் சுவரைத் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் அடுத்த சுடுதலில் அடி தனியே கழன்றுவிடும். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையில் போடுங்கள்.

மருந்தின் அளவை இந்த நூலில் தரப்போவதில்லை. அழுத்தம் அளக்கும் கருவியில் சோதித்து லைமன் போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட வார்ப்புக் குண்டுக் கையேட்டில் உங்கள் குண்டின் எடைக்கும், அதே பெயருள்ள மருந்துக்கும் உள்ள தொடக்க அளவைப் பாருங்கள். நண்பர் சொன்னதும் கணினித் திரையில் பார்த்ததும் வேண்டாம். படையின் மார்க் 7 தோட்டா 174 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் அனுப்பியது. நாம் 1,400 முதல் 1,800 அடிக்குள் நிற்போம். இந்த மெதுவான தோட்டாக்களின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வேகமாக எரியும் மருந்து சிறிதளவே போடுவதால் கூட்டில் பெரும்பகுதி காலியாக இருக்கும். தவறி இருமுறை ஊற்றினாலும் வழியாது, கண்ணில் படாது. சுட்டால் ரைஃபிள் உடையும். கூடுகளை மரக் கட்டையில் அடுக்கி, ஊற்றி முடித்ததும் குண்டு வைக்குமுன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்து மட்டம் பாருங்கள். இருமுறை ஊற்றினால் வழிந்துவிடும் அளவுக்குப் பருமனான மருந்து கையேட்டில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

களத்தில் முதல் சுற்றுகளுக்குப் பெரிய தாளைக் கட்டுங்கள். நம்பர் 4-இன் பின்காட்சியில் பொறித்திருக்கும் கெஜ எண்கள் மார்க் 7-க்கானவை, உங்கள் தோட்டாவுக்கு அவை வெறும் குறிகள். எந்தக் கோட்டில் 100 கெஜத்துக்கு நேராகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று சுட்டபின் வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள். தொண்டையை ஒட்டி ஈயம் படிந்திருந்தால் வாயு பக்கவாட்டில் பீறிடுகிறது: விட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள், கழுத்து குண்டை நசுக்குகிறதா என்று மறுபடி சோதியுங்கள். வாய்ப்பக்கம் மட்டும் படிந்திருந்தால் மெழுகு வழியிலேயே தீர்ந்துபோகிறது. மெழுகை மாற்றுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். கலவையைக் கடினமாக்குவது இவை எல்லாம் செய்து பார்த்த பிறகு. படிந்த ஈயத்தை எடுக்கப் பழைய வெண்கலப் பிரஷில் கலப்பற்ற செம்புத் தேய்ப்பானின் சில இழைகளைச் சுற்றி ஓட்டினால் போதும். அதன்மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, குழலுக்குள் விடாதீர்கள்.